ஆட்டுக்கால் சூப்பும் அப்பாவின் மாத்திரையும்

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான் உண்டு: சத்து போதவில்லை. தலைவலியா, சத்து போதவில்லை. பரீட்சையில் மார்க் குறைந்ததா, சத்து போதவில்லை. முப்பது தாண்டியும் எனக்குக் கல்யாணம் ஆகாததற்குக்கூட அதையே காரணமாகச் சொல்லியிருக்கிறாள், அதுவும் பெண் பார்க்க வந்தவர்கள் காதில் விழும்படி. அப்படிப்பட்டவள் கையில் அப்பாவின் வியாதி மாட்டிக்கொண்டது.

அப்பா சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். காலமெல்லாம் வெயிலில் நின்று விசில் ஊதி, பையன்களை லெஃப்ட் ரைட் போட வைத்தவர். வீட்டிலும் அதே நடைதான். கூடத்திலிருந்து சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனால்கூட ஏதோ குடியரசு தின அணிவகுப்பு போகிற மாதிரி இருக்கும். ரிட்டயர் ஆன கொஞ்ச நாளில் அவருடைய வலதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஒன்றோடொன்று உரசி, எதையோ உருட்டுகிற மாதிரி ஆட ஆரம்பித்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாத்தியா, வேலைய விட்டதும் பக்தி வந்துடுச்சு! கையில மணி இல்லாமலே ஜெபமாலை சொல்றாரு" என்று பக்கத்து வீடுவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நானும் நம்பினேன். பாவம், அப்பாவும் மறுக்கவில்லை. தன்னை அறியாமல் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் போலிருக்கிறது என்று அவரே நினைத்துவிட்டார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் நற்கருணை வாங்கப் போனவர் வரிசையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள், முன்னால் சாமியார் அப்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார், அப்பாவின் பாதம் தரையை விட்டு வரமாட்டேன் என்கிறது. மறுநாளே அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் அப்பாவை நடக்கச் சொல்லி, கையை மடக்கி நீட்டிப் பார்த்து, பார்க்கின்சன் என்றார். "அப்ப அந்த ஜெபமாலை?" என்று அம்மா கேட்டாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நான் அப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்தால் தரமணியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடி, பிஎச்.டி.க்காகப் புரதங்களோடு மல்லுக்கட்டுவேன். புரதம் என்றால் அம்மா சொல்கிற சத்து மட்டுமில்லை. உடம்புக்குள் வேலை பார்க்கிற ஆட்களில் முக்கால்வாசிப் பேர் புரதம்தான். நீளமான சங்கிலியாகப் பிறந்து, தனக்கென்று இருக்கிற ஒரு வடிவத்தில் மடிந்துகொண்டால்தான் அது வேலைக்கு ஆகும். மடிப்பு பிசகினால் போச்சு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி பச்சையாகுமா? அதே கதைதான்.

அப்பாவின் மூளையிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது என்று அந்த வருஷங்களில்தான் உலகத்துக்கே தெரிய ஆரம்பித்திருந்தது. நடுமூளையில் கறுப்பாக ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்குள்ள செல்கள் டோபமின் என்கிற பொருளைச் செய்து அனுப்பினால்தான் காலுக்கு 'எடு, வை' என்ற உத்தரவு ஒழுங்காகப் போய்ச் சேரும். அந்தச் செல்களுக்குள் ஆல்ஃபா சைனூக்ளின் என்று ஒரு புரதம் மடிப்பு கெட்டு, உருண்டை உருண்டையாகச் சேர்ந்து கிடக்கும். செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். உருண்டைதான் செல்லைக் கொல்கிறதா, இல்லை, கொல்ல வந்ததைப் பிடித்துப் பூட்டி வைத்த இடம்தான் அந்த உருண்டையா என்று ஆராய்ச்சிக்கூடத்தில் டீயை ஆறவிட்டு நாங்கள் சண்டை போடுவோம். வீட்டுக்கு வந்தால் அப்பா பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டிருப்பார், கால் வராமல், எவ்வளவு நேரமாகவோ. இவ்வளவு படித்து என்ன புண்ணியம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாத்திரை இருந்தது. டோபமினை அப்படியே கொடுத்தால் மூளை உள்ளே விடாது, அங்கே காவல் பலமானது. அதனால் லெவோடோபா என்கிற இன்னொரு பொருளைக் கொடுப்பார்கள். அது உள்ளே நுழைந்த பிறகு டோபமினாக மாறிக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று வருஷம் அது ஜோராக வேலை செய்தது. மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் அப்பா பழைய மாஸ்டராகிவிடுவார், கடற்கரைவரை நடந்துவிட்டு வருவார். அப்புறம் அதற்கும் மூடு வர ஆரம்பித்தது. ஒருநாள் வேலை செய்யும், ஒருநாள் செய்யாது. காலையில் கேட்கும், சாயங்காலம் கேட்காது.

அம்மா விடுவாளா? "வெறும் வயத்துல மாத்திரையா? குடல் வெந்துடும்!" என்று ஒவ்வொரு மாத்திரையோடும் ஒரு டம்ளர் பால், அதில் பச்சை முட்டை அடித்து. ஆரம்பத்தில் அப்பாவுக்கு மாத்திரை குமட்டியபோது சாப்பாட்டோடு கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதும் அவளுக்கு வசதியாகப் போயிற்று. சாயங்காலம் ஆட்டுக்கால் சூப். "கால் வரலன்னா காலுக்குக் கால்தான் குடுக்கணும்" என்பது அவள் வைத்தியம். லஸ் பக்கம் கறிக்கடையில் சொல்லி வைத்து வாங்கி, மிளகு தட்டிப்போட்டு, அரைநாள் கொதிக்க விடுவாள். அப்பா எந்த அளவுக்கு மோசமாகிறாரோ அந்த அளவுக்குச் சூப் கெட்டியாகும். ஆறினால் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாது, அப்படி உறைந்திருக்கும்.

பறக்கும் ரயில் எங்கள் பக்கம் ஓட ஆரம்பித்த புதிதில், ஒருவழியாக எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. பாலவாக்கத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், உப்புக்காற்றில் துருப்பிடித்த ஒரு ஸ்கூட்டர் வைத்திருந்தார். கோபக்காரியைக் கட்டப்போகிறோம் என்று யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், முதல் தடவை பார்க்க வந்தபோதே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் எங்களில் கல்யாணம் கிடையாது. அதனால் ஈஸ்டர் முடிந்து மே மாதம் என்று நாள் குறித்தார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். அதற்குள் அவர் குரலும் இறங்கிப்போயிருந்தது, காதைக் கிட்டே கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டும்.

"கோயில் வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் உன் கையப் புடிச்சு நான்தான் கூட்டிட்டுப் போவேன். நாற்காலியில வச்சுத் தள்ளலாம்னு எவனாவது சொன்னீங்க, நான் கோயிலுக்கே வர மாட்டேன்."

"யார் சொன்னா அப்படி?"

"சொல்லுவீங்க. எனக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்தையும் நடக்க வச்சவன்டி நான். என் பொண்ணை நடத்திக் கூட்டிட்டுப் போக முடியலன்னா அப்புறம் என்ன இருக்கு?"

அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை, அந்த வியாதி முகத்தையும் இறுக்கிவிடும். கண்ணில் தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நகை, புடவை, பத்திரிகை எல்லாம் இரண்டாம்பட்சம்தான். அப்பா நடப்பாரா என்பது ஒன்றுதான் பேச்சு.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்தது. நோயாளிகளுக்கு ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி, கறி தொடாத சுத்தபோசனம் எதுவும் கட்டாயமில்லை என்று சாமியாரே சொல்லியிருந்ததால் அப்பா சில வருஷமாக நோன்பு இருக்கவில்லை. அந்த வருஷம் அடம்பிடித்தார். "என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் நேர்ந்துக்கிட்டேன். பழைய முறைப்படி இருக்கப்போறேன்." பழைய முறை என்றால் நாற்பது நாளும் கறி, மீன், முட்டை, பால் ஒன்றும் கிடையாது. அம்மா கத்தினாள், அழுதாள், சாமியாரை வீட்டுக்கே கூட்டிவந்து பேசச் சொன்னாள். பி.டி. மாஸ்டரிடம் நடக்குமா? காலையில் கடுங்காப்பியோடு மாத்திரை, அப்புறம் அரிசிக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும். மத்தியானம் சோறு, ரசம், ஒரு காய். ராத்திரி மட்டும் அம்மாவின் கண்ணீருக்கு மனமிரங்கிக் கொஞ்சம் பருப்பு.

தினமும் கூடையோடு வருகிற மீன்காரம்மாவுக்குத்தான் பெரிய நஷ்டம். "இன்னாம்மா இது, வஞ்சிரம் கீது, சங்கரா கீது, வாங்குறதுக்கு ஒரு வூடு இல்ல. எல்லாரும் சேந்து பட்டினி கெடந்தா நான் இன்னாத்த துன்றது?" என்று வாசலில் நின்று திட்டிவிட்டுப் போவாள்.

இரண்டாவது வாரத்திலேயே அப்பா நிமிர்ந்தார். நிஜமாகத்தான் சொல்கிறேன். காலை மாத்திரை போட்டால் மத்தியானம்வரை நிற்காத நடை. மாத்திரைக்கு மூடு வருவதெல்லாம் நின்றுபோயிற்று. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபத்தில் பதினாலு தலத்திலும் மண்டியிட்டு, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கோயில் முழுக்க அதே பேச்சு. "நேர்த்திக்கடன் பலிச்சுடுச்சு" என்று முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஆண்டவரை நம்புகிறவள்தான், ஆனால் சட்டென்று அற்புதம் என்று ஒப்புக்கொள்ள என் படிப்பு விடவில்லை. இந்த வியாதி இப்படித்தான் ஏறும் இறங்கும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். அதற்காகச் சந்தோஷம் குறைவா? ஒருநாள் கூடத்தில் அவர் என் கையைப் பிடித்து ஒத்திகை நடந்து பார்த்தார். டிரெஸ்ஸிங் டேபிள்வரை போய், "பீடம் வந்தாச்சு" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஈஸ்டர் ஞாயிறு. அம்மா நாற்பது நாள் பாக்கியையும் ஒரே வேளையில் தீர்த்துவிட்டாள். காலையிலேயே முட்டை, ஆப்பத்துக்கு ஆட்டுக்கால் பாயா, மத்தியானம் கோழி வறுவலோடு பிரியாணி. அப்பா குழந்தை மாதிரிச் சாப்பிட்டார். மூன்று மணிக்கு நாற்காலியிலிருந்து எழப் போனவர் எழவில்லை.

களைப்பு என்றோம். அடுத்த நாளும் அப்படித்தான். "காஞ்சுபோன உடம்பு, தாங்குமா?" என்று முட்டைப்பால் இரண்டு வேளை மூன்று வேளையாயிற்று, சூப் இன்னும் கெட்டியாயிற்று. ஒரு வாரத்தில் அவர் தவக்காலத்துக்கு முன்பு இருந்ததைவிட மோசம். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். கூட்டியதும் சில நேரம் கழுத்தும் தோளும் தாமாக முறுக்கி நெளிய ஆரம்பித்தன, மற்ற நேரம் கல். கோயிலில் எங்கள் கல்யாணத்தை அறிவிக்கும் மூன்று ஓலைகளில் முதல் ஓலை வாசித்த ஞாயிறன்று, அப்பா அதைக் கேட்க வரமுடியாமல் கட்டிலில் கிடந்தார். வாடகைக்குச் சக்கர நாற்காலி எங்கே கிடைக்கும் என்று அம்மா என்னிடம் காதோடு கேட்டாள். அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க முயற்சி செய்தார், அதுவும் முடியவில்லை.

அன்றைக்கு அம்மா ஒரு நேர்த்தி செய்துகொண்டாள். "அவர் உன்னைப் பீடத்துல கொண்டுவிடுற வரைக்கும் நான் பால் தொட மாட்டேன்." காலையில் கெட்டிப் பால் காபி இல்லாவிட்டால் ஆண்டவரிடமே பேசாதவள் அவள். மறுநாளிலிருந்து கடுங்காப்பியை மருந்து மாதிரி மூக்கைச் சுளித்து விழுங்கினாள். எனக்குக் கோபமாக வந்தது. அவள் பாலை விட்டால் அப்பாவின் கால் எப்படி வரும்?

அந்த வாரம்தான் நான் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நல்ல கத்திரி வெயில், கரண்ட் வேறு இல்லை. டைரோசின் என்கிற அமினோ அமிலத்தின் படத்தை வரையச் சொல்லி ஒரு கேள்வி. புரதச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு அமினோ அமிலம். கறி, முட்டை, பால் எதைத் தின்றாலும் வயிறு அதை இந்தக் கண்ணிகளாக உடைத்துத்தான் ரத்தத்துக்கு அனுப்பும். ஒரு பெண் டைரோசினை அழகாக வரைந்துவிட்டு, வளையத்தில் ஓர் ஓ.ஹெச். அதிகமாகப் போட்டிருந்தாள். 'கழுதை, ஒன்றுதான்' என்று முணுமுணுத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் அடிக்கப் போனேன். கை நின்றுவிட்டது. அது டைரோசின் இல்லைதான். ஆனால் அதுவும் ஒரு பொருள்தான். அது லெவோடோபா. அப்பாவின் மாத்திரை!

அந்த நேரம் பார்த்து அம்மா சூப் கிண்ணத்தோடு கூடத்தைக் கடந்து போனாள்.

"அம்மா, நில்லு!"

நான் போட்ட சத்தத்தில் பாதி சூப் தரையில் கொட்டியது. "ஏண்டி, பேயறைஞ்ச மாதிரி கத்துற?" என்றாள். எனக்கு வாய் குழறியது. அந்த மாத்திரையே ஒரு அமினோ அமிலம். குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறவும், ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகவும் அதற்குத் தனி வழி கிடையாது. மற்ற அமினோ அமிலங்கள் போகிற அதே வாசல்தான். அப்பா நாற்பது நாள் நடந்ததும் ஈஸ்டரன்று உட்கார்ந்ததும் ஒரே நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. உட்கார வைத்து அவளுக்கு விளக்கினேன்.

"லஸ் கார்னர்ல ஆபீஸ் நேரத்து பஸ் வருதுன்னு வச்சுக்கோ. ஏற ஒரே படிக்கட்டு. அப்பாவோட மாத்திரை ஒத்த ஆளு. நீ அதே நேரத்துல முட்டைப்பால்லயும் சூப்புலயும் ஒரு கல்யாணக் கூட்டத்தையே அனுப்புற. எல்லாரும் முண்டியடிச்சு ஏறிடுறாங்க. மாத்திரை ஸ்டாப்லயே நிக்குது. பஸ் போயிடுது."

"சத்து குடுத்தா மருந்து ஏறாதா? யாருகிட்ட கதை விடுற? அது நேர்த்திக்கடன்டி. ஈஸ்டரோட விட்டுட்டோம், அதான் படுத்துட்டாரு."

"கதையில்லம்மா! நாப்பது நாள் அவர் நடந்தது நீ இதையெல்லாம் குடுக்காததாலதான். இத்தனை வருஷமா அவரை நீயேதான் கட்டிப் போட்டு வச்சிருக்க!"

அம்மா தரையில் கொட்டிய சூப்பைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "லஸ்ஸுக்குப் போய் வெயில்ல நின்னு வாங்கிட்டு வருவேன்" என்றாள், அவ்வளவுதான். பிறகு அந்தப் பெரிய பாத்திரத்தைப் புளி போட்டு விளக்கி, துடைத்து, ஸ்டூல் போட்டு ஏறிப் பரண்மேல் வைத்துவிட்டாள். "இனிமே அதை நான் தொட மாட்டேன்" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கட்டிலில் இருந்து அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெல்லிய குரலில் அம்மாவைக் கூப்பிட்டார். "இந்தா, இங்க வா. இன்னொரு தவக்காலம்னு வச்சுக்குவோம். உன் நேர்த்தியும் இருக்கட்டும், அவ பஸ்ஸும் இருக்கட்டும். ரெண்டுல எது ஓடினாலும் நான் ஏறிக்கிறேன்."

டாக்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இது தெரிந்த விஷயம்தான் என்றார். பகலில் புரதத்தைக் குறையுங்கள், வேண்டியதை ராத்திரிச் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடியே வெறும் தண்ணீரில் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். தெரிந்த விஷயத்தை ஏன் சாமி இத்தனை நாள் சொல்லவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்பா என் புடவையைப் பிடித்து இழுத்தார், விட்டுவிட்டேன். கூட்டிய மாத்திரையை அவரே குறைத்தார். கடைசியில் ஒன்று சொன்னார், அது எனக்கு முன்பே தெரியும்: இது வாசலைத் திறந்துவிடுகிற காரியம்தான், உள்ளே செத்துக்கொண்டிருக்கும் செல்களைக் காப்பாற்ற எந்த மாத்திரையும் இன்னும் வரவில்லை. இன்றைக்கு நடப்பார். எவ்வளவு காலத்துக்கு என்று அவருக்கும் தெரியாது.

மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிறு அப்பா கோயிலுக்கு வந்தார். கைத்தடியோடு, ஆனால் நடந்து. அம்மா அவருக்குப் பகலில் கஞ்சியும் ரசமும், ராத்திரி பருப்பும் தயிரும் கொடுத்தாள், மளிகைக் கடைக்காரர் எடை போடுகிற மாதிரி சரியாக. ஆனால் ஆசையாகப் பரிமாறுவது போய்விட்டது. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்காருவதுதான் அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே சினிமா. அதையும் நான் பிடுங்கிவிட்டேன் என்று இருந்தது எனக்கு.

கல்யாணத்தன்று காலை வீடு கொள்ளாத சொந்தம். தூத்துக்குடியிலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா, தாயில்லாத பிள்ளையாக அவரைத் தூக்கி வளர்த்தவள். அவள் சொல்லை அப்பா ஒருநாளும் தட்டியதில்லை. அப்பா கோட்டு போட்டுக்கொண்டு, மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாத்திரை ஏற வேண்டும், கார் வர வேண்டும், வேறொன்றும் வேண்டாம். அந்த நேரத்தில் அத்தை ஒரு பெரிய டம்ளரோடு வந்தாள். பால், பாதாம் அரைத்து, முட்டை அடித்து.

"என்னய்யா இது, வெறும் வயித்தோடயா மகளைக் கூட்டிட்டுப் போற? நல்ல காரியத்துக்குப் போகும்போது பால் குடிச்சிட்டுப் போணும். இந்தா, அக்கா கையால குடி."

கூடத்தில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வளர்த்தவள் கொடுக்கிற பாலை, அதுவும் அந்த நாளில், வேண்டாமென்று எப்படிச் சொல்வது? அப்பா டம்ளரை வாங்கிவிட்டார். நான் உள்ளறையில், தலையில் பாதி முக்காடும் வாயில் நான்கு ஹேர்பின்னுமாக, கதவு வழியே பார்க்கிறேன். கத்த முடியவில்லை. எழுந்து ஓடினால் அலங்காரம் செய்கிறவள் முடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஐயோ, போச்சு, எல்லாம் போச்சு!

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். நேராக அப்பாவிடம் போய், அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். அங்கேயே நின்று, அண்ணாந்து, ஒரே மூச்சில் கடைசிச் சொட்டுவரை தானே குடித்துவிட்டாள்.

அத்தை மோவாயில் கை வைத்தாள். "ஏ நீ பால் தொட மாட்டேன்னு நேந்திருக்கேன்னு சொன்னாவளே! அவன் இன்னும் கோயிலுக்கே போவலியே!"

அம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆண்டவர் பொறுத்துக்குவாரு அண்ணி. அந்த அமினோ ஆசிட் பொறுக்காது."

நான் பின்னைத் துப்பிவிட்டு அழுதேன். கண்மையெல்லாம் போய், திரும்ப முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

கோயில் வாசலில் அப்பா என் கையைத் தன் கைக்குள் கோர்த்துக்கொண்டார். ஆர்கன் ஆரம்பித்தது, எல்லோரும் எழுந்து திரும்பினார்கள். அவர் நின்றுவிட்டார். மருந்து நன்றாக ஏறியிருக்கும்போதும் வாசற்படி என்றால் இந்த வியாதிக்கு ஒரு தயக்கம் உண்டு. என் கையை இறுக்கினார். "அவசரப்படாத" என்றார். பிறகு, மைதானத்தில் பையன்களிடம் சொல்லுகிற அதே தோரணையில், எனக்கு மட்டும் கேட்கும் குரலில் தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டார்: "மார்க் டைம்." நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கி வைத்தார். லெஃப்ட், ரைட். லெஃப்ட், ரைட். புதுப் பூட்ஸ் கல் தரையில் தட்டுகிறது, பெஞ்சில் இருந்தவர்கள் முழிக்கிறார்கள், நானும் அவரோடு சேர்ந்து பட்டுப்புடவையில் மார்க் டைம் போடுகிறேன். "ஃபார்வர்ட்" என்றார். போனோம். ஆர்கன் ஒரு தாளத்தில், நாங்கள் ஒரு தாளத்தில். பீடத்துக்கு முன்னால் என் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். சல்யூட் அடிக்காததுதான் பாக்கி.

மத்தியானம் பங்கு மண்டபத்தில் விருந்து. ஆட்டுக்கறி பிரியாணி, மண்டபமே மணந்தது. அப்பாவை ஓர் ஓரமாக உட்கார வைத்து, இலையில் வெள்ளைச் சோறும் ரசமும் போட்டிருந்தார்கள், என் ஏற்பாடுதான். ராத்திரி ரிசப்ஷன் வேறு இருந்தது, அதில் அவர் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அம்மா ஒரு தட்டு நிறைய பிரியாணியோடு வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். நான் மணமேடையிலிருந்து பதறி எழுந்து போனேன். நான் போய்ச் சேருவதற்குள் அவள் அவரிடம் கேட்டுவிட்டாள்.

"என்னங்க, இனிமே எங்கயாவது நடந்து போகணுமா?"

அப்பா யோசித்தார். "எங்கயும் இல்ல" என்றார்.

அவள் ஒரு கவளம் உருட்டி அவர் வாயில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். அம்மா கன்னத்தில் கை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நாளைக்கப்புறம். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், திட்டப்போகிறேன் என்று நினைத்து.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, கறியிலிருந்து எலும்பை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் வைத்தேன்.